முகம் காட்டாமல் நிதி திரட்டுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கி மேலே போட்டுவிடுகிறேன். கீழக்கரைப் பக்கம் நாலு வருஷமாக ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தும் தம்பி கேட்டது இது: "இதுவரை ரத்ததானம், பள்ளிக் கட்டணம் இவ்வளவுதான் செய்துவந்தோம். இப்போது எச்.ஐ.வி. உள்ள சில குடும்பங்கள் உதவி கேட்டு வந்திருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்கள், கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பங்கள், மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒருவர். இதற்கு நிதி தரும் அமைப்புகள் எவை? துபாயில் இருக்கும் நண்பர்கள் பணம் அனுப்பத் தயார். வாங்கலாமா?"

தம்பி, நான் மருத்துவன் இல்லை. தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதியே இருபது வருஷம் ஓட்டியவன். அதில் பாதி எச்.ஐ.வி. திட்டங்களின் கணக்கு. அதனால் இந்தப் பதிலும் கணக்குப்பிள்ளையின் பதிலாகத்தான் இருக்கும்.

யார் தருவார்கள் என்பதற்கு முன்னால், எதற்காகக் கேட்கப்போகிறீர்கள் என்று பார்ப்போம். மருந்துக்கு நீங்கள் ஒரு பைசா திரட்ட வேண்டாம். 2004 ஏப்ரலில் இருந்து கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2017-க்குப் பிறகு, எதிர்ப்புச் சக்தி குறையட்டும் என்று காத்திருக்கும் வழக்கமும் போய்விட்டது. தொற்று உறுதியானதும் மாத்திரை தொடங்கிவிடும். எச்.ஐ.வி. பரிசோதனை, அதற்கென்று அரசு நடத்தும் நம்பிக்கை மையத்தில் இலவசம். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனையும் இலவசம். இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அவர்களுக்கான தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரை, மத்திய அரசு ஒதுக்கியது 15,471 கோடி ரூபாய்க்கு மேல். அந்த வேலையை நாம் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

பிறகு என்ன குறை? ராமேஸ்வரத்தில் இருக்கும் ஒரு அம்மா மாத்திரை வாங்க ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம். அன்றைக்குக் கூலி கிடையாது. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். "எங்கே போனாய்?" என்று கேட்கும் மாமியாருக்கு ஒரு பதில் வேண்டும். மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்க ஒரு இடம் வேண்டும். சத்தாகச் சாப்பிட வேண்டும். மனசு விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும். அரசு பட்ஜெட்டில் முழுசாக வராத செலவு இதுதான். இருபது பேருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். நிலையாக மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுக்கிறார்கள் என்பதால் பயணச் செலவு இன்னும் குறையும். கீழக்கரை மாதிரி ஊருக்கு இது பெரிய தொகையே இல்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தல் செலவு.

இந்தச் சின்னத் தொகையைத் திரட்டுவதுதான் கஷ்டம். ஏன் என்றால், நன்கொடை கேட்பது என்பதே நம் ஊரில் முகத்தைக் காட்டிக் கேட்பது. சிறுநீரகம் பழுதான பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் மாலைக்குள் பணம் வந்துவிடும். எச்.ஐ.வி.க்கு அந்த வழி அடைப்பு. படம் போட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் வாழ்க்கை முடிந்தது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 2006 வாக்கில் நான் கணக்கு எழுதிய ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், ஒரு கடலோரக் கிராமத்து விதவையின் படம் வந்தது. பெயர் போடவில்லை. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். ஆனால் அவர் பின்னால் கரையில் ஏற்றி வைத்திருந்த வல்லம் என்ற நாட்டுப்படகு தெரிந்தது, அதன் பதிவு எண்ணோடு. கடற்கரையில் ஒரு வல்லத்தைப் பார்த்தால் யாருடையது, யார் வீட்டு வாசலுக்கு நேரே நிற்கிறது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்த அறிக்கை எப்படியோ ஊருக்குள் வந்தது. அடுத்த மாதம் முதல் அந்த அம்மா மருந்து வாங்க வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. படத்தைக் கேட்டது நிதி கொடுத்தவர்கள். எடுத்துக் கொடுத்தது நாங்கள். அச்சகத்துக்குப் போன பில்லில் கையெழுத்துப் போட்டது நான்.

அதனால் முதல் நிபந்தனை: பயனாளியின் படம் கேட்கும் இடத்தில் பணம் வாங்காதீர்கள். பயனாளி பட்டியல் கேட்கும் இடத்திலும். இது மனசாட்சி மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை, சட்டமும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் எழுத்தில் சம்மதிக்காமல் வெளியே சொல்லக் கூடாது. அதைக் குறித்து வைத்திருக்கும் எந்த நிறுவனமும் அந்தத் தகவலைப் பாதுகாக்க வேண்டும்.  "நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்கிறோம், நிறுவனமா என்ன?" என்று கேட்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து பன்னிரண்டு மாதம் முறையாக ஒரு சேவை செய்தாலே அந்தச் சட்டத்தின் கண்ணில் நிறுவனம்தான். அதே சட்டம் அந்தக் குடும்பங்களுக்குச் சாதகமாக இன்னொன்றும் சொல்கிறது: தொற்று உள்ளவரைத் தான் வாழும் கூட்டு வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு வருகிற வழக்கம் இருப்பதால், கணவன் இறந்தாலும் அவள் தெருவுக்கு வருவது குறைவு. மீனவ ஊர்களில் மாமியார் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பிரிவு பெரிய பிடிமானம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பட்டியல் கொடுக்காமல் கணக்கு எப்படிக் காட்டுவது? இது என் தொழில், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணை ஊர் பெயரின் முதல் எழுத்து, வயது என்று அமைக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். வவுச்சரில் எண், தேதி, தொகை, "மருத்துவப் பயண உதவி" என்ற வாசகம், கையெழுத்து அல்லது ரேகை. எந்த எண் யார் என்ற குறிப்பு ஒரே ஒரு நோட்டில், ஒரே ஒருவரிடம், பூட்டில். தணிக்கையாளர் கேட்டால் அவர் மட்டும், உங்கள் இடத்தில் வைத்து, இரண்டு மூன்றை எடுத்துச் சரிபார்க்கலாம். நகல் வெளியே போகாது. வங்கியில் போட்டால் நல்லதுதான், ஆனால் பாஸ்புக்கில் உங்கள் அறக்கட்டளையின் பெயர் விழும். பெயரில் "எய்ட்ஸ்" என்ற சொல் இருந்தால் அவ்வளவுதான். பெயர்ப் பலகையிலும் ரசீதிலும் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம். இப்போதிருக்கும் பொதுவான பெயரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டணம் கட்டும் அறக்கட்டளை என்று ஊர் நினைப்பது உங்களுக்கு வரம். அந்த வாசல் வழியாக யார் வந்தாலும் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், வாங்குபவர் பெயரை மறைக்க வேண்டும், கொடுப்பவர் பெயரை மறைக்கக் கூடாது. நம் ஆட்களுக்கு "பெயர் வேண்டாம், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது" என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. வருமான வரிக்காரர் அதை ஏற்க மாட்டார். பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் 30 சதவீதம் வரி. ஊருக்குச் சொல்லாமல் இருங்கள், ரசீது புத்தகத்தில் எழுதிவிடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்கு 80ஜி என்ற வருமான வரிச் சலுகையும் கிடைக்காது.

இப்போது துபாய் நண்பர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து, வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம். கடவுச்சீட்டு நகலை வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர் கொடுத்தால், அவர் நம் தெருவில் பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டுப் பணம்தான். அங்கே பதிவு செய்த ஊர்ச் சங்கம் மொத்தமாகத் திரட்டி அனுப்பினாலும் அதே கதை. ஆளாளுக்குத் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள். உண்டியல் பணம், அதாவது வங்கி வழியாக வராத ஹவாலா பணம், மட்டும் வேண்டாம். நம் கரையில் அது எவ்வளவு சகஜம் என்று எனக்கும் தெரியும். ஒரு தடவை அறக்கட்டளைக் கணக்கில் அது நுழைந்தால், பிறகு நீங்கள் எந்த விண்ணப்பமும் போட முடியாத நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

வெளிநாட்டு அறக்கட்டளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக்கு அந்தப் பணம் ஆறாக வந்தது. 1986-இல் நாட்டின் முதல் தொற்று சென்னையில்தான் கண்டறியப்பட்டது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இலேயே உருவானது. 1995-இலிருந்து அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் பணம் வி.எச்.எஸ். என்ற சென்னைத் தொண்டு நிறுவனம் வழியாக ஊர் ஊராக இறங்கியது. 2003-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டமான அவாஹன் வந்தது. நானும் அதில் சோறு தின்றவன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திட்டம் முடிந்த தேதியில் அலுவலகம் பூட்டப்பட்டதையும், பழக்கமான களப்பணியாளரைத் தேடி மூன்று மாதம் கழித்து வந்தவர் திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது ஹைதராபாத்தில் திருநங்கைகள் நடத்திவந்த மித்ர் கிளினிக் அந்த மாதமே மூடிக்கொண்டது. அங்கே வந்துகொண்டிருந்தவர்களுக்கும் நம் களப்பணியாளரைத் தேடி வந்தவருக்கும் ஒரே நிலைமைதான்.

இப்போது உங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு அந்த வாசல் இன்னும் குறுகல். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டுமென்றால் மூன்று வருஷம் நடத்தியிருக்க வேண்டும். அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு தொடங்க வேண்டும். 2020 திருத்தத்துக்கு முன்னால் மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் பெரிய நிறுவனம் பணம் வாங்கி, நம்மைப் போன்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்தத் திருத்தம் அதைத் தடை செய்துவிட்டது. நிர்வாகச் செலவும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. என் கருத்து, இன்னும் மூன்று வருஷத்துக்கு அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

அரசின் இலக்குக் குழுத் திட்டங்கள் உண்டு. பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஓரினச் சேர்க்கை ஆண்கள், திருநங்கைகள், புலம்பெயர் தொழிலாளர்கள் போன்றோருக்காகத் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடப்பவை. ஒப்பந்தம், தவணை, மாத அறிக்கை எல்லாம் உண்டு. தவணை தாமதமானால் கைக்காசு போட்டு ஓட்ட வேண்டும். நீங்கள் அதை எடுத்து நடத்துவதை விட, நடத்துகிறவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்வது மேல். சிறுபான்மை என்றால் நமக்கு மதம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. முஸ்லிம் வீட்டில் பிறந்த திருநங்கை இரண்டு பக்கமும் சிறுபான்மை. அவர் ஜமாஅத்துக்கும் போக மாட்டார், உங்களிடமும் வர மாட்டார். அவரை அந்தக் களப்பணியாளருக்குத்தான் தெரியும்.

நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணத்துக்கு ஒரு சின்னக் கதை இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முதலில் "எச்.ஐ.வி., எய்ட்ஸ், மலேரியாவை எதிர்ப்பது" என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். 2014 பிப்ரவரியில் அட்டவணையை மாற்றி எழுதியபோது அது "நோய்த்தடுப்பு உள்ளிட்ட சுகாதாரம்" என்பதற்குள் கரைந்துவிட்டது. உங்களுக்கு இது நல்லதே. "கடலோரப் பெண்களின் ஆரோக்கியமும் ஊட்டச்சத்தும்" என்று விண்ணப்பம் எழுதலாம். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. ராமநாதபுரம் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று என்று மத்திய அரசு 2018-இல் அறிவித்ததை முதல் பத்தியிலேயே எழுதுங்கள், அதற்குத் தனி மவுசு உண்டு. சி.எஸ்.ஆர்.-1 படிவம், தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் தர்ப்பண் எண், 12ஏ, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிப் பதிவுகள், இவை கையில் இருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கும் படம்தான் வேண்டும். யார் முகமும் தெரியாத, மருத்துவ முகாமின் பொதுப் படம், அதோடு நிறுத்திவிடுங்கள்.

பால்வினை நோய்ச் சோதனையையும் அந்த மாதிரி முகாமில்தான் கொண்டுவர முடியும். "வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை, சர்க்கரை, ரத்தசோகை பார்க்கிறோம்" என்றால் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை பெண்கள் வருவார்கள். அங்கே பெண் மருத்துவர் இருந்தால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஒன்று மட்டும்: பத்தோடு பதினொன்றாக எச்.ஐ.வி. சோதனையையும் சொல்லாமல் செய்துவிடக் கூடாது. சம்மதம் கேட்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆண்களுக்கு முகாம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். மற்ற மாதங்களில் விசைப்படகு போகும் நாளில் முகாம் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று புலம்பிய திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உள்ளூர்ப் பணம். என் கணக்கில் உங்கள் தேவை முழுவதும் இங்கேயே தீர்ந்துவிடும். முதலில் பைத்துல் மால், அதாவது ஊர் முஸ்லிம்களின் பொது நிதி. வசதியுள்ள முஸ்லிம் கட்டாயமாகக் கொடுக்கும் ஜகாத் பணத்தைக் குறிப்பிட்ட எட்டு வகையினருக்குத்தான் கொடுக்க முடியும். ஏழையும் தேவையுடையவரும் அதில் முதல் இரண்டு. நோய் எது, எப்படி வந்தது என்று அதில் எந்த நிபந்தனையும் இல்லை. ஆனால் அது வாங்குபவர் கையில் போய்ச் சேர வேண்டும் என்று பல ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், சொல்வார்கள். அதனால் பயண உதவி, சத்துணவு, அவர்களின் வீட்டு வாடகைக்கு ஜகாத். களப்பணியாளர் சம்பளத்துக்கும் உங்கள் அலுவலக அறை வாடகைக்கும் சதக்கா என்ற விருப்ப தர்மம். இரண்டுக்கும் தனித்தனி லெட்ஜர். உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், "நோயின் பெயரைச் சொல்லாமல் ஏழை நோயாளி என்று மட்டும் சொல்லி வாங்கலாமா?" என்று. பெரும்பாலும் தலையசைப்பார். அந்த ஒருவர் உங்கள் பக்கம் நின்றால் பாதி வேலை முடிந்தது. நோன்பு நேரத்தில் மாத்திரையை விட்டுவிடும் ஆட்களுக்கும் அவரே சொல்லலாம்: இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரைதான், இஃப்தாருக்குப் பிறகு தினமும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். நேரத்தை மாற்றும் முன் மருத்துவமனை ஆலோசகரிடம் ஒரு வார்த்தை.

அடுத்தது, பலருக்கு ஞாபகமே வராத ஒன்று: மாவட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம். ஆட்சியர் தலைமையில் இயங்குவது. அந்தச் சங்கம் திரட்டும் நன்கொடைக்கு ஏற்ப அரசும் இணை மானியம் போடுகிறது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் உதவி தருவதுதான் அதன் வேலை. கணவனை இழந்த பெண் விதவை என்ற காரணத்துக்காகவே கேட்கலாம், கணவன் எதனால் இறந்தார் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் இருந்தால், பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2009-இல் 5 கோடி ரூபாய் வைப்பு நிதியோடு தொடங்கிய அறக்கட்டளை இருக்கிறது. கூட்டு மருந்து மையத்தின் ஆலோசகரிடம் கேட்டால் வழி சொல்வார். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குத்தந்தையும் மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பும். முகாமில் இருப்பவருக்கு அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தான், ஆனால் நீங்கள் உள்ளே போய் உதவி கொடுக்க அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அதை விட அவர் வெளியே வரும்போது கொடுப்பது அவருக்கும் நிம்மதி.

சபுராளி வீடுகளை, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்களின் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வளைகுடா விசாவுக்கு மெடிக்கல் பார்க்கும்போது எச்.ஐ.வி. தெரிந்தால் "அன்ஃபிட்" என்று ஒரு சொல்லோடு அனுப்பிவிடுவார்கள். அங்கேயே வேலையில் இருப்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் "விசா சரியில்லை" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் ஆறு மாதம் மூலையில் உட்கார்ந்திருப்பார். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் வட்டியோடு நிற்கும். மனைவிக்குச் சோதனை நடந்திருக்காது. அவள் கர்ப்பமாக இருந்தால், மருந்து எடுக்காத நிலையில் பிள்ளைக்கு 15 முதல் 45 சதவீதம் வரை தொற்ற வாய்ப்பு. எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. மாத்திரையை ஒழுங்காக எடுத்து வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து துணைக்குத் தொற்றாது என்பது இப்போது நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆக, அந்த "அன்ஃபிட்" ஆளை ஆறு மாதத்துக்குப் பதில் ஆறு நாளில் நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப் போக ஒருவர் வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். தன்னார்வத்தில் ஓடுகிறவர் நாலு மாதத்தில் களைத்துப்போவார், களைத்துப்போனவர் வாயிலிருந்துதான் ரகசியம் வெளியே விழும். துபாய் நண்பர்களிடம் எதற்குக் கேட்பது என்று யோசித்தால், இந்த ஒரு சம்பளத்துக்குக் கேளுங்கள். அவர்கள் எல்லோருமே அந்த மெடிக்கல் வரிசையில் நின்றவர்கள். படம் எதுவும் காட்டாமலே அவர்களுக்குப் புரியும்.

கடைசியாக உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து நோக்கங்கள் என்ற பகுதியைப் பாருங்கள். கல்வி மட்டும் இருந்து "மருத்துவ உதவி" என்ற சொல் இல்லையென்றால், பணம் வாங்கும் முன் திருத்தப் பத்திரம் பதிய வேண்டும். வரி விலக்குப் பதிவு ஏற்கெனவே இருந்தால், நோக்கம் மாறிய 30 நாளுக்குள் அங்கேயும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆடிட்டரிடம் போகும்போது "ஏழை நோயாளிகளுக்கு மருத்துவ, பயண, ஊட்டச்சத்து உதவி" என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் அந்தப் பத்திரத்தில் வேண்டாம்.